பலகையில் விட்ட இடம்

அழுகை கேட்டது.

பிள்ளை பிறந்துவிட்டது.

பெற்றவள் மருத்துவச்சி மார்த்தாவைப் பார்த்தாள். மார்த்தா தலை நிமிராமல் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே காரியஸ்தர் காலையிலிருந்து நிற்கிறார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்.

இந்த அறைக்கு நேர் கீழே, மாளிகை வாசலின் மேல், ஒரு கறுப்புத் துக்கப் பலகை தொங்கியது. அவள் கணவன் குதிரையிலிருந்து விழுந்து செத்த வாரம் மாட்டியது. தார்ன்மியர் பிரபுக்களின் சின்னத்தை அதில் வரைந்தாகிவிட்டது. உச்சியில் மட்டும் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

ஆண் பிறந்தால் அங்கே குடும்பத்தின் பருந்து.

பெண் என்றால் வம்சம் முடிந்தது. மண்டையோடு வரைவார்கள். பட்டம் போகும். அதோடு வீடும் நிலமும் அரசரிடமே திரும்பிப் போகும்.

வயிற்றில் பிள்ளை இருந்ததால் சட்டம் காத்திருந்தது. ஓவியரும் காத்திருந்தார்.

முதல் பிரபு ஒரு ராஜாவுக்காகத் தலைகளை வெட்டி வாங்கிய பட்டம் அது. அவர் பேரன் இன்னொரு ராஜாவிடம் தன் தலையைக் கொடுத்தான். பின்னால் வந்தவர்கள் தின்றார்கள், குடித்தார்கள், வேட்டையாடினார்கள். ஒவ்வொருவருக்கும் எப்படியோ ஒரு மகன் பிறந்துவிட்டான்.

அவளும் அதைத்தான் கேட்டு ஜெபித்தாள்.

மார்த்தா கதவை ஒரு சாண் திறந்தாள்.

"பொண்ணு."

காரியஸ்தர் படியிறங்கும் சத்தம். அவசரமே இல்லாத சத்தம்.

கீழே ஏணியைச் சாத்தினார்கள். யாரோ வெள்ளைச் சாயம் கேட்டார்கள். வாசலில் கூடியிருந்த குடியானவர்களின் பேச்சு நின்றது. தொப்பியைக் கழற்றியிருப்பார்கள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். புள்ளைக்குப் பசிக்குது. இப்பிடித் திரும்புங்கம்மா."

அவள் திரும்பவில்லை.

மார்த்தா குழந்தையை அவள் முதுகோடு ஒட்டிக் கிடத்தினாள். இருந்த ஒரே துணி ஈரமாகியிருந்தது; வேறு எடுத்துவரப் போனாள்.

முதுகில் ஒரு சிறிய சூடு. அது வாயைத் திறந்து திறந்து எதையோ தேடியது.

இந்தக் கட்டில்கூட இனி அவர்களுடையது இல்லை.

வெளியே ஏணி கிரீச்சிட்டது.

அவள் கை தானாகப் பின்னால் போயிற்று. விரல்கள் முதலில் பட்டது தலையில். பிசுபிசுப்பு. கொஞ்சம் பூனைமயிர். எலும்பு இன்னும் கூடாத உச்சிக்குழி.

அது துடித்தது.

கீழிருந்து காரியஸ்தரின் குரல் வந்தது.

"கொஞ்சம் பெருசாவே போடுப்பா. ரோட்டுலேர்ந்து தெரியணும்."

அவள் அந்தக் குழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.