வராதவரே தலைவர்

"கடைசி லோரோங்ல எல்லாரும் வரேன்னுட்டாங்க அங்கிள். ஒரு வீடுகூட பாக்கி இல்ல," என்றாள் மலர், சந்து சந்தாக அலைந்துவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றபடி.

கேட்டைத் திறக்கப் போன குடியிருப்பாளர் சங்கத் தலைவர் சுகுமாறன் அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாருமா? ஞாயித்துக்கிழம சாயங்காலம் யாரும்மா கூட்டத்துக்கு வருவாங்க?"

"வருவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே பேசிட்டேன். சின்னையா தாத்தாவையும் வீல்சேரோட என் காடியில ஏத்திக் கொண்டாந்து விட்டுடுவேன். நீங்க கவலப்படாதீங்க."

அவள் அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டாள். சுகுமாறன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மற்ற இடங்களில் கூட்டத்துக்கு ஆள் வரவில்லையே என்றுதான் தலைவர்கள் கவலைப்படுவார்கள். கிள்ளானில் இந்த ஒரு தாமான் குடியிருப்பில் மட்டும் எல்லாம் தலைகீழ். இங்கே தலைவர் பதவிக்கு யாரும் நிற்பதில்லை. தப்பித்தவறி ஒருவர் நானாச்சு என்று எழுந்தாலும், 'இவனுக்கு இதில் என்ன லாபமோ' என்று பார்த்தே உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ, அவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவது. ஆளே இல்லாதபோது யார் மறுப்பது?

போன ஆண்டு ஈப்போவில் மச்சான் மகள் கல்யாணத்தில் சுகுமாறன் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது, 'வாழ்த்துகள் தலைவரே' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. சாம்பார் வாளி சம்பந்தி மடியில் கவிழ்ந்தது.

அன்றிலிருந்து அவர் செய்த ஒரே சங்க வேலை, பதவியிலிருந்து எப்போது கழன்றுகொள்ளலாம் என்று காத்திருந்ததுதான். தாமானுக்குப் பின்னால் ஓடும், லோங்காங் என்று எல்லாரும் சொல்லும் பெரிய கால்வாய் மண்ணும் குப்பையுமாக அடைத்துக் கிடந்தது. போன மழையில் கடைசி லோரோங்கில் முழங்கால் அளவு தண்ணீர். மலர் வீட்டு சோபா கூடத்திலேயே மிதந்தது. நகராட்சிக் கவுன்சில்காரர்கள் தூர்வாரத் தயார்தான். சங்கத் தலைவர் கூப்பிட்டு, நேரில் நின்று இடத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். மலர் அதற்காக எத்தனையோ முறை வந்து கெஞ்சினாள். "அடுத்து வர்ற தலைவர் பாத்துக்குவாரும்மா," என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார். அடுத்த மழைக்காலம் இதோ வந்துவிட்டது.

இப்போது எல்லாருமே கூட்டத்துக்கு வந்தால் அடுத்த தலைவர் எங்கிருந்து வருவார்? பழைய குருடி கதவைத் திறடி என்று அவரேதான் தொடர வேண்டும்.

அவர் பயந்தபடியே மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. கேரி தீவுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பரமேஸ்வரன்கூட ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சின்னையா முதல் வரிசையில் வீல்சேரில் ஜம்மென்று இருந்தார். செயலாளர் ஷாஹுல் ஹமீது வரிசையாக வீட்டைச் சொல்லி அழைக்க, எல்லா மூலையிலிருந்தும் "இருக்கேன், இருக்கேன்" என்று குரல் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் சுகுமாறனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"கடைசி லோரோங், கடைசி வீடு. மலர்," என்றார் ஷாஹுல் ஹமீது.

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பத்தானலா வாசல்ல சின்னையா தாத்தாவ இறக்கி விட்டுச்சு," என்றார் பரமேஸ்வரன்.

பின்வரிசையிலிருந்து வாணி தயங்கி எழுந்தாள். அவள் கணவர் ஜொகூரில் வேலையாக இருந்தார். "மலர் அக்கா வீட்டுலதான் இருக்காங்க அண்ணே. என் ரெண்டு புள்ளைங்களையும் பாத்துக்கிறாங்க. நீ கட்டாயம் போகணும்னு என்னை அனுப்பிட்டாங்க."

ஷாஹுல் ஹமீது பட்டியலில் மலர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தார்.

"அப்புறம் என்ன, மலரையே போட்டுடலாம்லா," என்றார் பரமேஸ்வரன்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்த கை சுகுமாறனுடையது.

"அண்ணே, பாவம்ணே அந்தப் பொண்ணு. நாம எல்லாரும் வரணும்னு அலைஞ்சுச்சு," என்றார் ஷாஹுல் ஹமீது, அவர் காதோடு.

"வழக்கம்னா வழக்கம்தான் தம்பி," என்றார் சுகுமாறன்.

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. மலர் வீட்டை நோக்கி நடக்கும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரையே கூட்டி வந்தவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமே. வெள்ளம் வந்தால் முதலில் நனைகிறவளும் அவள்தான். தான் தட்டிக் கழித்த வேலையும் இப்போது அவள் தலையில். அவள் திட்டினால் வாங்கிக்கொள்வது, கால்வாய் வேலை முடியும்வரை கூடவே நிற்பது என்று முடிவு செய்துகொண்டார். ஓர் ஆண்டில் சங்கத்துக்காக அவர் எடுத்த முதல் முடிவு அது.

மலர் வாசலில் நின்று வாணியின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மலர், கோவிச்சுக்காதம்மா. நீ வரலன்னு கூட்டத்துல ஒரு முடிவு…"

"அது இருக்கட்டும் அங்கிள். நாளைக்குக் காலையில லோங்காங்கப் பாக்க கவுன்சில்லருந்து வராங்க. நீங்களும் கூட வந்து நிக்கிறீங்களா? போன வாரமே நான் போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்."

"போன வாரமா? தலைவர் கூப்பிட்டாத்தானே வருவாங்க. யாரு பேசுறான்னு சொன்ன?"

மலர் அடுத்த கவளத்தை உருட்டியபடி சொன்னாள்: "புதுத் தலைவர் மலர்னுதான்."