எண்பத்திரண்டு

“எண்பத்திரண்டு. ஓரமா நிறுத்துங்க” என்றாள் வளைவில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரி. கையில் துப்பாக்கி மாதிரி, வேகம் பார்க்கிற ரேடார் மிஷின்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸ் முன்னால் சிரிக்கலாமா? இருமலாக மாற்றிக்கொண்டேன்.

நான் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். நாற்பதைத் தாண்டாதபடி எஞ்சினுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் போகிறவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போவார்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் ஆயாம்மா மட்டும்தான். பிள்ளைகளை அதட்டி அதட்டி அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது.

“இந்த டப்பாவா எண்பத்திரண்டு? மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. புகார் குடு தம்பி!”

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த மிஷினைப் பற்றி ஊரே சிரிக்கிறது. போன வாரம், நின்றுகொண்டிருந்த குப்பை லாரி முப்பதில் போவதாகக் காட்டியது. பக்கத்தில் போன பைக்கின் வேகத்தை லாரியின் தலையில் கட்டிவிட்டது. இன்னொரு புகார் வந்தால் மிஷினையும் எடுத்துவிடுவேன், உன்னையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் இந்தப் போலீஸ்காரியை நடுரோட்டில் வைத்துக் கத்தியதை என் காதாலேயே கேட்டேன்.

நான் புகார் கொடுத்தால் நாளையிலிருந்து இந்த வளைவில் அவள் இருக்க மாட்டாள்.

கொடுக்காவிட்டால், பள்ளிக்கூட வேனை எண்பத்திரண்டில் ஓட்டியவன் என்று இன்றைக்கே என் சீட்டுக் கிழியும்.

யாராக இருந்தாலும் புகார்தான் கொடுப்பார்கள். ஆனால் ஒரு வருடமாக இந்த வளைவு வருவதற்கு முன்னால் தலையை வாரிக்கொள்கிறவன் நான். அவள் ஒரு நாளும் என்னை நிறுத்தியதில்லை. எப்படி நிறுத்துவாள்? சட்டத்தை மீற என் வண்டிக்கு வக்கில்லை. மற்றவர்களை மடக்கி, “அண்ணா, லைசென்ஸ் எடுங்க” என்று அவள் கேட்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவேன். மாட்டிக்கொண்டவர்கள் மேல் பொறாமையாக இருக்கும். அந்த ‘அண்ணா’ மட்டும் எனக்கு வேண்டாம் என்றும் இருக்கும்.

இன்று நிறுத்திவிட்டாள். அண்ணா போடவில்லை.

அதைக் கவனித்த பிறகு என் புத்தி என்னிடம் இல்லை.

“ஆமாங்க, வேகமாத்தான் வந்தேன். மிஷின் கரெக்டாத்தான் சொல்லுது” என்றேன்.

ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

போலீஸ்காரி என்னையே பார்த்தாள். முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை, தொப்பி நழுவுகிற அளவுக்குச் சிரித்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

மிஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு எண்ணும் இல்லை. கைப்பிடியின் அடியில் இருந்த மூடியைத் திறந்தாள். உள்ளே காலி.

“பேட்டரி காலையிலேர்ந்து ஸ்டேஷன்ல சார்ஜ் ஏறிட்டு இருக்கு. நானும் ஒரு வருஷமா பாக்குறேன், நீங்க வேகமா வர்ற மாதிரியே தெரியல. அதான் நானே நிறுத்திட்டேன்.”