கடைசி விருந்தினர்

சிகாகோவில் தொலைக்காட்சி புதிதாய் வந்த காலம். அந்த மாலை நேர அரட்டை நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு என்பதால், முதலில் வரும் விருந்தினர்கள் நீட்டி முழக்கினால் கடைசி ஆளுக்கு நேரம் மிஞ்சாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு வழியனுப்புவது டோரினின் வேலை.

வாராவாரம் அந்தக் கடைசி ஆள் லிண்ட்க்விஸ்ட்தான். பனி மிதக்கும் ஏரியில் நீந்திக் காட்டிய கிழவர். "பரவாயில்லம்மா, அடுத்த வாரம் வர்றேன்" என்று சிரித்தபடி கிளம்பிவிடுவார். டோரினுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்காது.

கடைசியில் தயாரிப்பாளரோடு சண்டையே போட்டுவிட்டு வந்தாள்.

"சார், இன்னிக்கு நீங்கதான் முதல் ஆளு!"

லிண்ட்க்விஸ்டின் முகம் தொங்கிப்போனது.

"எதுக்கும்மா அவசரம்? கடைசியாவே இருக்கட்டுமே."

"கேமரான்னா பயமா? அந்த ஏரியிலயே குதிச்சவராச்சே!"

"ஏரி பரவாயில்ல, வீடுதான் பயமா இருக்கு. என் சம்சாரம் போனப்புறம் டை கட்டிக்கிட்டுப் போக எனக்கு இந்த ஒரு இடம்தான். பேசி முடிச்சுட்டா அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

டோரினுக்குப் பொறி தட்டியது. "அப்போ மத்தவங்க எல்லாம் நிறுத்தாம பேசறது..."

"இங்க காத்திருக்கிறப்போ, அவங்கவங்க அம்மாவைப் பத்தி நான்தான் விசாரிச்சு வைப்பேன். அப்புறம் மேடையில வாயை மூட மாட்டாங்க. மன்னிச்சுக்கம்மா."

டோரின் அவரைப் பழையபடி கடைசி நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு, முகத்தில் பவுடர் பூசிக்கொண்டிருந்த பாடகரிடம் போனாள்.

"சார், உங்க அம்மா எப்படி இருக்காங்க?"