தாங்காத வண்டுகள்

எந்த மருந்துக்கும் அசுவினிப் பூச்சி சாகாமல் போன காலம் அது. அதைத் தின்னும் பொறிவண்டும் வயலில் மற்ற பூச்சிகளுக்கு அடிக்கும் மருந்தைத் தாங்கப் பழக வேண்டும் என்று, ஒட்டன்சத்திரத்து வண்டுப் பண்ணையில் வெள்ளிதோறும் வண்டுகள் மேல் மருந்தடிப்பது பவளக்கொடியின் வேலை. பிழைத்தவை இனவிருத்திக்கு, மல்லாந்தவை குப்பைக்கு.

மல்லாந்தவற்றில் கால் ஆடுவதை மட்டும் டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவள் கணவன் வீரபத்திரன், "வாங்க, நம்ம ஆளுங்க" என்று சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சில் அவற்றை எடுத்து வைப்பான். தேறியதை மாடியில் கத்தரிச்செடிகளில் விடுவான். இருபது வருடம் வயல்களில் மருந்தடித்த நெஞ்சு. மாடியேறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பான்.

விஷயம் தெரிந்து பண்ணை மேனேஜரே மாடிக்கு வந்துவிட்டார். செடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு அசுவினிகூட இல்லை. இலைக்கு இலை வண்டு.

"ஒரு சொட்டு மருந்து தாங்காதும்மா இதுங்க. இதுக்காகவா வேலையைத் தொலைக்கப் போற?"

வீரபத்திரனுக்கு இருமல் வந்தது. பவளக்கொடி அவன் முதுகை நீவிவிட்டாள்.

"இவரும் தாங்க மாட்டாருங்க சார். அதான் இந்த வீட்டுல யாரும் மருந்தடிக்கிறதில்ல."