டிபியாக இருக்கட்டும்

டாக்டர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அப்பாவின் விலாவில் ஊசி குத்தி எடுத்த நீரின் முடிவு அது. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீர். எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே இருந்தது.

ஒன்று டிபி. இல்லையென்றால் புற்றுநோய்.

நீரில் கிருமியைத் தேடினால் லேசில் அகப்படாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கிருமியோடு உடம்பு சண்டை போட்டிருந்தால் அந்தச் சண்டையின் தடயம் நீரில் கிடக்கும். அதைத்தான் அளக்கிறோம் என்றார்.

கர்த்தரே, டிபியாக இருக்கட்டும்.

பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். இப்படியும் ஒருத்தி ஜெபிப்பாளா என்று கர்த்தருக்கே அலுத்துப்போயிருக்கும்.

"நாங்க தேடுன தடயம் நெறயவே இருக்கு. புற்றுநோய் செல் எதுவும் இல்ல. டிபிதாம்மா. ஆறு மாசம் மாத்திரை, குணமாயிரும். சளியில கிருமி இல்ல. அடுத்தவங்களுக்கு ஒட்டாது."

எழுந்தாள். அப்பாவின் கட்டிலடியில் வெறுந்தரையில் படுத்துப் படுத்து உடம்பு மரத்துப்போயிருந்தது. சந்தோஷப்படக்கூட தெம்பு வேண்டியிருந்தது.

வார்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, டிபிதானாம்ப்பா!"

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

அப்பா அதைப் பார்த்தார்.

கையைக் காட்டி அவளைக் குனியச் சொன்னார்.

"பியூலாவைக் கேட்டு வந்தவங்க விசாரிச்சா, புத்துநோய்னு சொல்லிரு."

தங்கை பியூலாவுக்குப் போன மாதம்தான் பேசி முடித்திருந்தார்கள்.

"என்னப்பா பேசுதீங்க?"

"புத்துநோய்னா பாவம்பாங்க. கண்ண மூடதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிருவோம்பாங்க. டிபின்னா பொண்ணே வேண்டாம்னுருவாங்க."

"ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லுதாரு."

"டாக்டரா பொண்ணு எடுக்காரு?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரைத்தது. தலையணையில் சாய்ந்துகொண்டார்.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டின. இந்த உடம்பு இனி தேறும். சதை பிடிக்கும். நடக்கும்.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

வாயைத் திறந்தாள்.

அழுகைதான் வந்தது. அப்பா பிழைத்துவிட்டார் என்ற அழுகை. இத்தனை வாரமாக எங்கே இருந்ததோ, இப்போது அடக்க முடியவில்லை.



"அழாதம்மா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. குரல் உடைந்திருந்தது. "எங்களுக்குப் புரியுது. தேதிய முன்னால வச்சிக்கிடுவோம். அப்பா கண்ணால பாத்துரட்டும்."

இல்லை மாமா என்று சொல்லத்தான் வந்தாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை ஓய்ந்துகொண்டு வந்தது.

அவள் ஓயவிடவில்லை.