கிளியம்மாளின் கொடுப்பினை

குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரிக்குப் புருஷனை அனுப்புகிற நாளில் எவளாவது பட்டுப்புடவை கட்டுவாளா? கிளியம்மாள் கட்டியிருந்தாள். தலையில் இரண்டு முழம் மல்லி வேறு.

செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பாட்டன் நிலத்தை மனை மனையாக விற்றுக் குடித்தே தீர்த்த ஜெயவேலு, மாருதி வேனில் உட்கார்ந்துகொண்டு துபாய்க்குப் போகிறவர் மாதிரி எல்லோருக்கும் கையாட்டினார்.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்று தையல்நாயகி இதையெல்லாம் பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன!

போன வாரம்கூட இந்த ஆள் சாக்கடை ஓரம் விழுந்து கிடந்தார். கிளியம்மாள் ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கொட்டி, ஊருக்கே கேட்கத் திட்டி, உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். காலையில் அவர் தெளிந்து எழுந்து, கோச்சுக்காத கிளி, கோச்சுக்காத கிளி என்று அவள் பின்னாலேயே சுற்றினார்.

அடிப்பாவி, உனக்குக் காலை என்று ஒன்று வருகிறதே!

தையல்நாயகியின் வீட்டுக்காரர் சம்பந்தம் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. ஆபீஸ் பக்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நேரம் காலம் இல்லாமல் கத்துவார். வேட்டி நழுவுவது தெரியாமல் நடுத்தெருவில் நின்று சண்டைக்குக் கூப்பிடுவார். சாருக்கும் பாட்டில் சகவாசம் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

கிளியம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"யக்கா, வேன்ல ஒரு சீட்டு சும்மாத்தான் கீது. உன் வூட்டுக்காரரையும் ஏத்தி வுடு. ஒரே மாசம், திரும்பி வரச்சே பச்சப்புள்ள மாதிரி வருவாராம்."

ஏற்றிவிட்டால்தான் என்ன? தையல்நாயகியின் கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது. அங்கே இருக்கிற டாக்டர் சும்மா விடுவாரா? ஒரு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துகொள்வார். அப்புறம் தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரம்!

"இன்னிக்கு வேணாம் கிளி. நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வராங்க."

"இப்டியே சொல்லிக்கினு இரு," என்று கிளியம்மாள் போய்விட்டாள். வேன் கிளம்பியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் கொடுத்து வைத்தவள்.

தையல்நாயகி ஜன்னலை அறைந்து சாத்தினாள். பின்கட்டில் மகள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இது நான்காவது இடம். இதுவும் தட்டிப்போகக் கூடாது.

அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் குவார்ட்டர் பாட்டிலை எடுத்தாள். பிராந்தியை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, நாற்காலியில் இருந்த சம்பந்தத்தின் சட்டைக் காலரில் தடவினாள். தோளில் தெளித்தாள். மாப்பிள்ளை வீட்டார் மூக்கில் நன்றாக ஏறட்டும். குடிகாரன் மகள் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கட்டிக்கொள்வார்கள். பைத்தியத்தின் மகள் என்றால் எவன் வாசற்படி ஏறுவான்?

ஆயுசில் ஒரு சொட்டுத் தொட்டறியாத மனிதர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தையல்," என்றார், பயந்துபோன குரலில். "நம்ம வீட்ல யாரு குடிக்கறாங்க?"