இன்னும் வராத நடுக்கம்

யூனிஸ் பதினோரு ஆண்டுகளாக இடைக்கால இங்கிலாந்தின் துறவிகள் எழுதிய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்துவந்தாள். கை நடுக்க நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை எழுத்தில் கண்டுபிடிக்கும் மென்பொருளை, அந்த ஆராய்ச்சியை வைத்து அவள்தான் உருவாக்கினாள். சென்ற மாதம், அவள் வேலை பார்த்த நிறுவனம் அதை வைத்து ஊழியர்களின் கையெழுத்தையும் சோதித்தது.

மேலாளர் தணிகை அவளைக் கூப்பிட்டார். "மூணு வருஷத்துல உங்களுக்குக் கை நடுக்கம் வருமாம், மேடம். இனி உங்கள வேலைல வச்சுக்க முடியாது."

"தப்பா இருக்கலாமே, சார்?"

"தப்பே பண்ணாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி, கை நடுங்கின துறவியக்கூட மடத்துல கடைசிவரைக்கும் எழுதவிட்டாங்க, சார்."

தணிகை, தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். யூனிஸ் பேனாவை வாங்கி, துளி நடுக்கமும் இல்லாமல் கையெழுத்திட்டாள்.